கண்ணீர்க் கணவாய்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அளவு நோட்டில் மாரளவு, இடுப்பளவு, கை நீளம், இவைதாம். ஆஸ்பத்திரியில் என்னைக் கவனித்த சிஸ்டர்தான் விடவில்லை. எனக்குச் செய்த இந்தக் கண் ஆப்பரேஷன் என்று சொன்னதுமே பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம், திரும்பி வருவதில்லையாம். பட்டதைப் பட்டபடி எழுதிக் கொடுத்தால் வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன் என்றார். கண்ணைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டி வருகிறது. எனக்கு அது கூச்சமான காரியம். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் பிலோமினா. வயது நாற்பத்தாறு. தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணன் சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு நடந்த வருடங்களில் அதற்கும் போனவர். மைனிக்கும் அண்ணனுக்கும் ஒரே மகள், ஜெசிந்தா. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறேன். கல்யாண ஜாக்கெட், கோவிலில் மணப்பெண் தலையில் போடுகிற, ரேந்தை என்கிற லேஸ் வைத்த வெள்ளை நெட்டு, முதன்முதலாக நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுக்கும் பிள்ளைகளின் கவுன், இவையெல்லாம் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் என் மிஷினில்தான் ஓடின.

மூன்று வருடத்துக்கு முன்பு இடது கண்ணில் நீர் வரத் தொடங்கியது. வலி இல்லை, சிவப்பு இல்லை. நீர் மட்டும் வந்து இமையில் நிறைந்து கன்னத்தில் இறங்கும். துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். வெயிலில் வரும், காற்றில் வரும், ஊசியில் நூல் கோக்கும்போது வரும். தூசி விழுந்திருக்கும் என்று இருந்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. இடுப்பில் எப்போதும் ஒரு துண்டுத் துணி செருகியிருப்பேன்.

எனக்குப் பழகிவிட்டது, ஊருக்குப் பழகவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். அவர் தோணியில் கொழும்புக்குப் போனவர் அங்கேயே ஒரு கடையில் சேர்ந்து, அங்கேயே ஒரு பெண்ணையும் முடித்துக்கொண்டார். இது நடந்து கால் நூற்றாண்டு ஆகப் போகிறது. ஆனாலும் மீன் கொண்டுவரும் லூர்து கூடையை இறக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து, "ஏளா பிலோமி, இன்னுமா அவன நெனச்சி அழுத? போதும்ளா, அவனுக்குப் பேரன் பேத்தி வந்திருக்கும்" என்பாள். கேலியாகத்தான் சொல்வாள். ஆனால் மற்றவர்கள் கேலி செய்யாமலே அதைத்தான் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் அவர் முகம் எனக்கு மறந்தே போய்விட்டது. மீசை இருந்ததா இல்லையா என்பதுகூட ஞாபகமில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னாலும் கண்ணீரோடுதானே சொல்ல வேண்டும்.

போன ஐப்பசியில் ஒரு காரியம் நடந்தது. அடுத்த தெருவில் ஒரு கல்யாணத்துக்கு வெள்ளைச் சாட்டினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் தாயார் பார்க்க வந்திருந்தார். நான் துணியைத் தூக்கித் தோள்பட்டையைக் காட்டும்போது சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அப்போது நீரோடு லேசாகச் சீழும் சேர்ந்திருந்தது போல; துளி விழுந்த இடத்தில் மஞ்சளாக ஒரு வளையம்.

"என்ன பிலோமியக்கா, கல்யாணத் துணியில கண்ணீர விட்டுட்டியளே."

"சோப்புப் போட்டா போயிரும்மா."

"கறை போவும்க்கா. விழுந்தது விழுந்ததுதான?"

கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார். பாதி தைத்த துணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடச் சட்டை வந்தது, தலையணை உறை வந்தது. கல்யாணத் துணி வரவில்லை.

கிறிஸ்மஸ் கழிந்ததும் ஜெசிந்தாவுக்குச் சம்பந்தம் முடிவாகி, ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கல்யாணம் என்று நாள் வைத்தார்கள். அவள் பிறந்ததிலிருந்து அவளுக்குக் கடையில் ஒரு சட்டை வாங்கியது கிடையாது. எல்லாம் என் கைத்தையல். துணியும் கொழும்பு ரேந்தையும் வாங்கி வைத்தாயிற்று. ஆனால் மைனியின் அக்கா வந்திருந்தபோது குசினியில் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"இத மட்டும் வெளிய குடுத்துத் தையி. ஊரு வாயில விழணுமா?"

"பாப்போம்க்கா. குருத்து ஞாயிறு வரைக்கும் பாப்போம்" என்றார் மைனி.

மைனி மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் யோசிப்பேன். ஆனால் அன்று முதல் எனக்கு ஒரே நினைப்பாகிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறுதான் குருத்து ஞாயிறு. அதற்குள் கண் சரியானால் ஜெசிந்தாவின் ஜாக்கெட்டையும் நெட்டையும் நான் தைப்பேன். இல்லையென்றால் துணி கடைக்குப் போகும்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலம் தொடங்கியதும் ஒரு காலையில் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் புளியங்கொட்டை அளவு வீங்கிச் சிவந்துவிட்டது. அண்ணன் பார்த்துவிட்டு அன்று கடலுக்குப் போகவில்லை. "கெளம்பு ஏளா, ஆஸ்பத்திரிக்கி" என்றார். முதலில் ஊசியும் மாத்திரையும் கொடுத்து வீக்கத்தை வற்றவைத்தார்கள். வெளியூரிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் கண் டாக்டர் வருவார், அவரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இன்னும் நன்றாக ஞாபகமிருக்கிறது. ஒருபக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள். உப்பில் பட்ட வெயில் வருடக்கணக்கில் கண்ணில் அடித்து, எல்லோரும் கண்ணைச் சுருக்கியே உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு பக்கம் துறைமுகத்தில் துருத்தூள் கண்ணில் விழுந்த ஒருவர். எதிர் வரிசையில் கண்ணில் கட்டுப் போட்டவர்கள். அங்கே என் கண்ணில் நீர் வடிவதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வருடத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை.

டாக்டர் தென்காசிப் பக்கத்துக்காரர், நரைத்த மனிதர். கண்ணோரத்தை விரலால் லேசாக அமுக்கினார். உள்ளேயிருந்து அழுக்கு நீர் திரும்பிக் கண்ணுக்குள் வந்தது. பிறகு கீழ் இமையின் ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னத் துளையில், முனை மழுங்கிய ஊசியை வைத்து உப்புக் கலந்த தண்ணீரைச் செலுத்தினார். "தொண்டையில ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் முழுவதும் கன்னத்தில் வழிந்தது. டாக்டர் பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம் இங்கிலீஷில் வேகமாக எதையோ சொன்னார். அதில் ஒரு வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது. லாக்ரிமல்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நான் கோவிலில் பாட்டுப் பாடுகிற கூட்டத்தில் இருந்தேன். அப்போது பூசையெல்லாம் லத்தீனில்தான். அர்த்தம் தெரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி பாடுவோம். மாதாவின் செபத்தில் வருகிற ஒரு வார்த்தையை நாங்கள் கடித்துத் துப்புகிறோம் என்று பங்குச் சாமியாருக்குக் கோபம் வந்து, அதற்கு மட்டும் உட்காரவைத்து அர்த்தம் சொன்னார். லாக்ரிமா என்றால் கண்ணீர். லத்தீனில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது.

ஆகவே டாக்டர் சொன்னதும் எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. இவ்வளவு படித்தவரும் லூர்து சொன்னதையே சொல்லுகிறார் என்று நினைத்துவிட்டேன். இது அழுகை வியாதி என்று காகிதத்தில் எழுதப் போகிறார்கள், அது ஊருக்கெல்லாம் தெரியப் போகிறது என்று தோன்றியது. முன்பின் தெரியாத ஆண்களிடம் வாய் திறக்காதவள், அன்று திறந்துவிட்டேன்.

"டாக்டர், நான் அழுறது இல்ல."

சொல்லும்போதே கண்ணில் வழிந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முன்னால் வந்து, "அவ அழமாட்டா டாக்டர். எங்கம்மா செத்த அன்னைக்கே எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்தது அவதான்" என்றார்.

"அழுறீங்கன்னு யாரும்மா சொன்னா?"

நான் வார்த்தையைச் சொன்னேன். எங்கே கேட்டேன் என்பதையும் திக்கித் திக்கிச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க. அந்த லத்தீன் வார்த்தையேதான். ஆனா டாக்டருங்க லாக்ரிமல்னு சொன்னா, கண்ணீர் சம்பந்தப்பட்டதுன்னு மட்டும்தான் அர்த்தம். அழுகை சம்பந்தப்பட்டதுன்னு இல்ல. ரெண்டும் வேற வேற."

மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு கண்ணை வரைந்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். கண்ணுக்கு மேலே வெளிப்பக்கமாக ஒரு சுரப்பி இருக்கிறது; அது லாக்ரிமல் சுரப்பி. அழுதாலும் அழாவிட்டாலும் அது நாள் முழுக்கக் கண்ணை நனைத்துக்கொண்டே இருக்கும். நனைத்த நீர் போவதற்கு இமையோரத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஊசித்துளைகள். அவை ஒரு சின்னப் பையில் போய்ச் சேரும். பையிலிருந்து ஒரு குழாய் மூக்குக்குள் இறங்கும். அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தானாம். பை உட்கார்ந்திருக்கிற குழியில் ஒரு எலும்பு, அதற்கும் லாக்ரிமல் எலும்பு என்று பெயர். முகத்திலேயே சின்ன எலும்பு, நகம் மாதிரி மெல்லியது.

"அந்தப் பை லாக்ரிமல் சாக். அதுக்குக் கீழ குழாய் அடைச்சுப் போச்சு. தண்ணி தேங்கிச் சீழ் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"சாக்கா? கண்ணுக்குள்ள சாக்கா டாக்டர்?" என்றார் அண்ணன்.

"உப்புச் சாக்கு இல்லய்யா. பை."

அண்ணனுக்கு உடனே விளங்கிவிட்டது. "எங்க ஆளுவள்ள சில பேருக்கு, சங்கு குளிக்கையில மூக்கப் பிடிச்சி ஊதுனா கண்ணோரத்துல புஸ்ஸுன்னு காத்து வரும் டாக்டர். அந்த வழிதான?"

"அதே வழிதான்."

"அப்ப மீனுக்கு உண்டுமா?"

"அது தண்ணிக்குள்ளயே இருக்கு. அதுக்கு எதுக்குய்யா கண்ணீர்?" என்று டாக்டர் அப்போதுதான் சிரித்தார்.

கண்ணீர் வேறு, அழுகை வேறு. கேட்டால் சின்ன விஷயம். மூன்று வருடமாக யாரும் அந்த இரண்டையும் எனக்குப் பிரித்துச் சொல்லவில்லை. நானும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒருவேளை எனக்கே தெரியாமல் உள்ளுக்குள் அழுதுகொண்டிருக்கிறேனோ என்று சில நாள் எனக்கும் சந்தேகம் வந்ததுண்டு. அந்தச் சந்தேகம் அந்தச் சீட்டோடு போயிற்று.

பிறகு டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பையை எடுத்துவிடுவது. சுலபம், சீக்கிரம் ஆறும், சீழ் நின்றுவிடும். ஆனால் நீர் போக வழி இருக்காது. ஆயுசு முழுக்கத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, பைக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள எலும்பைக் குடைந்து புதுப் பாதை வெட்டுவது. கஷ்டமான வேலை, ரத்தம் போகும், சிலருக்கு ஆறும்போது மறுபடி மூடிக்கொள்ளும்.

"எங்க ஊருப் பக்கம் மலையில ரயிலு போகக் கணவாய் இருக்கு. அது மாதிரி ஒரு கணவாய் வெட்டப் போறோம்னு வச்சுக்கோங்க."

அண்ணன் சுலபமானதையே செய்யச் சொன்னார். எலும்பைக் குடைவது என்றதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து மைனியும் அதையே சொன்னார். நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, "புதுப் பாதையே வெட்டச் சொல்லுங்க" என்றேன். அந்த வீட்டில் என் காரியத்தில் நானாக எடுத்த முதல் முடிவு அதுதான் என்று நினைக்கிறேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "சரி, ஒன் கண்ணு" என்றார்.

ஆப்பரேஷனுக்கு முந்தின வாரம் அண்ணன் ஒரு காரியம் செய்தார். லூர்து வழக்கம்போலக் கேலி செய்ததும், "அது அழுகை இல்ல லூர்து. லாக்ரிமல்" என்று சொல்லிவிட்டார். லூர்து கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம், "பிலோமிக்கு லாக்ரிமலாமே" என்று பரவிவிட்டது. என்னமோ பெரிய வியாதி என்று நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் லூர்து நல்ல பாறை மீனாக ஒன்றைக் காசு வாங்காமல் வைத்துவிட்டு, "எல்லாம் மாதா பாத்துக்கிடுவா" என்று என் கையைப் பிடித்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மீனைக் குழம்பு வைத்தோம்.

திங்கட்கிழமை சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், காது மடலில் குத்தி ரத்தம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் பயப்படும்படி இல்லை. பயம் முழுவதும் காத்திருப்பதில்தான் இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் பெரியதாழையைச் சேர்ந்த இஞ்ஞாசியம்மாள் இருந்தார். அறுபது வயதிருக்கும். கண்புரை எடுத்து இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். தலையை அசைக்கக் கூடாதே தவிர வாயை அசைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"பக்கத்துல யாரோ வந்திருக்கு. யாருளா அது? மூச்சு விடுற சத்தமே கேக்கல."

ஊரையும் பேரையும் சொன்னேன்.

"ஒனக்கு என்ன ஆப்பரேசன்?"

"கண்ணீர் போற பாதை அடைச்சிருக்குக்கா. எலும்பக் கொடைஞ்சி ஒரு கணவாய் வெட்டுதாவளாம்."

"கணவாயா? கண்ணுக்குள்ள கணவா மீனா கெடக்கு?"

"அது இல்லக்கா. மாதா செபத்துல வருமே, கண்ணீர்க் கணவாய். அந்தக் கணவாய். மலைக்கு நடுவுல போற வழியாம்."

"அட மாதாவே" என்றார் அந்த அம்மாள். "அத நான் இத்தன வருசமா கணவா மீனுன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருக்கேன்! அது தண்ணியப் பீச்சிட்டு ஓடுமே, அது மாதிரி நாமளும் அழுதுட்டு ஓடணும்னு சொல்லுதாவன்னு இருந்தேன்."

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் கணவாய் என்றால் மீன்தான். மலையை நாங்கள் எங்கே கண்டோம்? டாக்டர் ரயில் பாதையைச் சொன்ன அந்த நிமிடம் வரைக்கும், என் மனதில் அந்த இடத்தில் ஒரு மீன்தான் நீந்திக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். "அப்ப நான் மட்டும் முட்டாளு இல்ல" என்று அந்த அம்மாளும் தலையை அசைக்காமல் சிரித்தார். சிஸ்டர் ஓடிவந்து இரண்டு பேரையும் அதட்டினார். என் கண்ணையே பார்க்காமல் என்னோடு பேசிய முதல் ஆள் இஞ்ஞாசியம்மாள்தான். அவரிடம் பேச எனக்குக் கூச்சமே வரவில்லை.

மறுநாள் ஆப்பரேஷன். மயக்க மருந்து கொடுக்கவில்லை, மரத்துப் போகும் ஊசிதான். முதலில் மருந்தில் நனைத்த நீளத் துணியை மூக்குக்குள் திணித்தார்கள். பிறகு மூக்கோரத்தில் ஊசி. அது வலித்தது, பொய் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு பாதி முகம் கட்டையாகிவிட்டது. கத்தி வைத்தது தெரியவில்லை. சின்ன உளியும் சுத்தியலும் வைத்து எலும்பைத் தட்டினார்கள். வலி இல்லை, சத்தம் மட்டும்தான். ஆனால் அந்தச் சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. என் தலைக்குள்ளேயே யாரோ தோணிப் பலகையில் ஆணி அடிப்பது போல இருந்தது. இதுதான் இந்த ஆப்பரேஷனில் பயமான கட்டம். வருகிறவர்கள் இதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும், தாங்கிவிடலாம்.

எலும்பு வேலை முடிந்ததும், பையைத் திறந்து அதன் ஓரத்தையும் மூக்கின் உள்தோலின் ஓரத்தையும் சேர்த்துத் தைக்கப் போவதாக டாக்டர் சொல்லிக்கொண்டே செய்தார். துளை போட்டு ஓரத்தை மடக்கித் தைப்பது என்றால் எனக்குத் தெரிந்த வேலை.

"காஜா எடுக்கிய போல டாக்டர்" என்றேன்.

"என்னம்மா?"

"பொத்தானுக்குக் காஜா எடுக்கிறது. ஓரம் பிரியாம இருக்க."

"அதேதாம்மா. நீங்க வந்து நின்னிருந்தா இன்னும் நல்லா எடுத்திருப்பீங்க."

முதல் நாள் தொண்டையில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. துப்பச் சொன்னார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், சூடாக எதுவும் குடிக்கக் கூடாது. அண்ணன் ஆறவைத்த கஞ்சியைத் தூக்கில் கொண்டுவந்து, பெண்கள் வார்டுக்குள் வரக் கூச்சப்பட்டு வராந்தாவில் நின்று சிஸ்டரிடம் கொடுத்தனுப்புவார். கஞ்சி குடித்து முடித்தேன் என்று தகவல் போன பிறகுதான் அங்கிருந்து நகருவார். ஜெசிந்தா டைப் வகுப்பு முடிந்து தினமும் நாலரைக்கு வருவாள். நான் தலையைக் குனியக் கூடாது என்பதால் கட்டிலுக்குப் பின்னால் நின்று தலைவாரிப் பின்னிவிடுவாள். அப்படியே இஞ்ஞாசியம்மாள் தலையையும் மணல் மூட்டைகளுக்கு நடுவில் கையை விட்டுச் சிக்கெடுப்பாள். "கல்யாணப் பொண்ணா இருந்துக்கிட்டு எனக்குப் பேன் பாக்குதியே" என்று அவர் சொன்னால், "ஒங்க கிட்ட பேன் இல்ல ஆச்சி, மணல்தான் இருக்கு" என்பாள்.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் முதல் தடவையாகத் தண்ணீர் செலுத்திப் பார்த்தார். நான் தொண்டையைக் கவனித்துக்கொண்டு படுத்திருந்தேன். தொண்டை சும்மா இருந்தது. கன்னத்தில்தான் வழிந்தது. சிஸ்டர் பஞ்சால் துடைத்துவிட்டு, "ரத்தக்கட்டியா இருக்கும். டாக்டர் வந்து பார்க்கட்டும்" என்றார். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

அன்று மத்தியானம் மைனி வந்தார். நான் நடந்ததைச் சொல்லிவிட்டு, "துணியக் கடைக்கிக் குடுத்துருங்க மைனி. கடைசி நேரத்துல குடுத்தா அவன் நாசம் பண்ணிருவான்" என்றேன்.

"குருத்து ஞாயிறுன்னுதான சொல்லியிருக்கேன். அது அடுத்த ஞாயிறுல்லா. நீ எதுக்கு அவசரப்படுத?"

"வெட்டுன பாதை மூடிக்கிட்டுன்னா?"

மைனி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "பிலோமி, ஒன்னு சொல்லுதேன் கேட்டுக்கோ. ஒன் கண்ணுல தண்ணி வந்தாலும் ஒன் கையாலதான் தைக்கணும்னு எனக்கு ஆச. எங்கக்கா வாயிக்கும் ஊரு வாயிக்கும்தான் பயப்படுதேன். ஒனக்காவ இல்ல. அந்தப் பிள்ளைக்காவ. நாளைக்கி அவளுக்கு ஒரு தலைவலின்னாலும் அந்தத் துணியச் சொல்லுவாளுவ."

மறைத்துப் பேசாமல் இப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து இஞ்ஞாசியம்மாள், "எந்தத் துணி? என்ன தலைவலி? எனக்கும் சொல்லுங்கட்டி" என்றார். மைனி அவருக்கு முழுக் கதையையும் சொன்னார். கேட்டுவிட்டு அவர், "எனக்குக் கட்டு அவுத்து மொதல்ல பாக்கப் போறது ஒங்க வீட்டுக் கல்யாணம்தான். நல்லாத் தைக்கலன்னா அங்கனயே சொல்லிருவேன்" என்றார். நாங்கள் கூப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு கூப்பிட்டோம்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் ஒன்றும் செய்வதற்கில்லை. மருந்துச் சொட்டு விட்டார்கள். நான் வேண்டிக்கொண்டேன். ஆனால் அந்தச் செபத்தில் அந்த வார்த்தை வரும்போது, இப்போது எனக்கு மீனும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் நகத்தைப் போல் மெல்லிய ஒரு எலும்பும், அதில் காஜா அளவுக்கு ஒரு துளையும்தான் வந்தது. அது திறந்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். செபத்தில் இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று தெரியவில்லை. பாவமாக இருந்தால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்தார், மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார், இடுக்கியால் எதையோ எடுத்தார். கறுப்பாக ஒரு சின்னக் கட்டி வந்தது. பிறகு இமையின் துளையில் அந்த மழுங்கல் ஊசியை வைத்தார். மைனி கதவோரத்தில் நின்றிருந்தார். சிஸ்டர் என் கன்னத்தில் பஞ்சை ஏந்திக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா. எங்க தெரியுது?"

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மூக்கின் உள்ளே எங்கேயோ ஒரு குளிர்ச்சி. அது பின்னால் போயிற்று, கீழே இறங்கிற்று. அடிநாக்கில் வந்து நின்றது.

நான் நாக்கைச் சப்பிப் பார்த்தேன். டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"உப்பு" என்றேன்.

"எங்க?"

"தொண்டையில. உப்புக் கரிக்கி டாக்டர்."

சிஸ்டர் பஞ்சைத் தூக்கி டாக்டரிடம் காட்டினார். அது நனையவே இல்லை. டாக்டர் இன்னும் கொஞ்சம் செலுத்தினார். மறுபடி உப்பு. வாழ்நாள் முழுக்க உப்புக் காற்றில் இருக்கிற ஊர் எங்களுடையது. அந்த உப்பை நான் விழுங்கிவிட்டு இன்னும் வேண்டும் என்பது போல் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன்.

வெளியே வந்ததும் மைனி என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, இடது கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அவர் கண்கள் இரண்டிலும் தண்ணீர் வழிந்தது.

"இது என்ன மைனி, லாக்ரிமலா?" என்று கேட்டேன்.

"போளா அங்குட்டு" என்றார். "இது அழுகை."

மறுநாள் காலையில் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மத்தியானம் மைனி கல்யாணத் துணியை எடுத்து மிஷின் மேல் வைக்க, ஜெசிந்தாவுக்கு அளவெடுத்தேன். ஜாக்கெட்டுக்குக் கை ஒன்பது அங்குலம் போதும் என்றாள். கோவிலுக்குப் போட வேண்டியதாயிற்றே, பத்து வைத்து வெட்டினேன்.